பதினாலாம் மாடிக்காரருக்கு ஒரு மெழுகுதிரி

ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு மனிதரின் சட்டைப் பொத்தானோடுதான் கதைத்து வருகிறேன். காலையில் பதினோராம் மாடியில் லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஒரு நெஞ்சு நிற்கும். அதற்கு மேலே ஒரு முகமும் இருக்கிறதென்று தெரியும். ஆனால் அண்ணாந்து பார்க்க எனக்கு வெட்கம், கழுத்தும் விடாது. "கோல்ட்" என்பேன் பொத்தானிடம். "வெரி கோல்ட்" என்று கூரையிலிருந்து மறுமொழி வரும். கோடையில் "ஹொட்" என்று மாற்றிக்கொள்வேன். கீழே கதவு திறந்ததும் அவர் தலையைக் குனிந்து, காலை இழுத்து இழுத்து வெளியே போவார். அந்தக் கட்டடத்தில் நான் அயலவரோடு கதைக்கும் கதை அவ்வளவுதான். அதுவும் இல்லாவிட்டால் நாள் முழுக்க ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டார்கள்.

அவர் பெயர் கோர்டன், பதினாலாம் மாடி. முன்னொருகாலம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடியவர் என்று மருமகன் ஜெயசீலன்தான் சொன்னார். எங்கள் வீட்டில் கூடைப்பந்து பார்ப்பது பூசை காண்பதுபோல. மருமகன் சோபாவில் சாய்ந்து, பொரியல் பையை வண்டி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, ரீவிக்குள் ஓடுகிறவர்களுக்கு எப்படி ஓடுவதென்று சொல்லிக்கொடுப்பார். வருவார்கள் வருவார்கள் என்று சொல்லி வராமல் போனவர்களின் கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருவன் கூரையைத் தொடுமளவுக்குப் பாய்வானாம், சனம் பார்த்தால் கை நடுங்குமாம். இன்னொருவன் பணத்தைக் கண்டதும் பந்தை விட்டுவிட்டு முள்ளுக்கரண்டியைப் பிடித்தானாம். வேறொருவன் பள்ளிக்கூடத்திலேயே பேப்பரில் படம் வந்தவனாம், இப்போது அவன் பெயர் மருமகனுக்கே வாயில் வருகுதில்லை. கோர்டனைக் கெடுத்தது முழங்கால்.

"முழங்கால் ஒரு சாட்டு, மாமி," என்றார் மருமகன். "ஆட்டத்துக்கு இறக்காமல் வருசக்கணக்கா ஓரத்தில பெஞ்ச் வாங்கில இருத்தி வச்சிருந்தவங்கள். பெரிய வேஸ்ட்."

வாங்கில் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் நாடும் உண்டென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தால் எங்கள் மன்னார்ப் பள்ளிமுனையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆம்பிளைகளை ஏற்றி அனுப்பியிருக்கலாம். அந்த வேலையை எங்களவர்கள் இலவசமாகவே திறமாகச் செய்கிறார்கள்.

லிஃப்டில் ஏறுகிற எல்லோரும் கோர்டனிடம் ஒன்றையே கேட்பார்கள். எனக்கு இங்கிலீசு தெரியாது. கேள்வி மட்டும் விளங்கும், ஏனென்றால் அதே கேள்வியை என் தம்பி சூசையிடம் ஊரே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருக்கிறது. பள்ளிமுனையில் பால் குடி மறந்த கையோடு கால்பந்துதான். அதிலும் சூசையின் இடதுகாலைப் பற்றிச் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். கொழும்பிலிருந்து ஒரு கழகம் வந்து கூட்டிக்கொண்டு போனது. தேர் வைத்து அனுப்பாத குறை. கோயில் பெருநாளுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "என்னடா நடந்தது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னான். கூட்டாளிகளிடம் அங்கத்தைய சாப்பாடு என்றான், சுவாமியாரிடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறுகிறதென்றான், பெண் கொடுக்க வந்தவர்களிடம் முழங்கால் என்றான். அந்த முழங்காலோடு நாளும் வலை இழுத்தான்.

இந்தப் பனி மாரியில் கோர்டனுக்கு முழங்கால் ஒப்பரேசன் என்று மகள் விசாரித்து வந்து சொன்னாள். நடை வராவிட்டால் வேறு நகரத்தில் இருக்கிற சகோதரி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்களாம். அன்றிரவு செபமாலையைக் கையில் எடுத்தவள் யோசிக்காமல் நேர்ந்துவிட்டேன். மாதாவே, அந்த மனிதர் நடந்து வந்து லிஃப்டில் ஏறினால், பள்ளிமுனைக் கோயிலில் ஆள் உயரத்துக்கு மெழுகுதிரி வைக்கிறேன்.

ஊரில் பிள்ளைக்கு நோய் வருத்தம் வந்தால் நாங்கள் செய்கிற நேர்த்திதான் இது. உச்சியிலிருந்து குதிக்கால்வரை நூல் பிடித்து, அந்த நீளத்துக்குத் திரி வார்த்துக் கொளுத்துவோம். கெட்டிக்காரத் தாய்மார் பிள்ளை வளருமுன்னே நேர்த்தியைத் தீர்த்துவிடுவார்கள். நானோ வளர்ந்து முடிந்த ஒரு பனைக்கு நேர்ந்துவிட்டேன்.

கோர்டன் வந்தார். பொல்லு ஊன்றித்தான், ஆனால் நடந்து. லிஃப்டில் எங்கள் இருவரையும் தவிர ஒருவருமில்லை. நான் பையிலிருந்து நூல்பந்தை எடுத்து, நுனியை அவருடைய சப்பாத்தடியில் என் காலால் மிதித்துக்கொண்டு, நூல் பிடித்த கையை மேலே நீட்டினேன். அவருடைய நெஞ்சோடு நின்றுவிட்டது கை. கூச்சத்தில் செத்தேன்.

அவர் நூலைப் பார்த்தார். பொல்லைச் சாய்த்து வைத்தார். குதிக்கால் இரண்டையும் சேர்த்து, முதுகைச் சுவரில் ஒட்டி, நாடியை நேராக்கினார். நூலை என் கையிலிருந்து வாங்கித் தானே உச்சியில் பிடித்தார். நான் முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் அசையவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றார், அதையும் அளக்கச் சொல்வதுபோல. அந்தச் சின்னப் பெட்டிக்குள் கைகள் முழுக்க விரியவில்லை. இளமையில் கழகக்காரர்கள் ஆளாளுக்கு வந்து இவரை இப்படித்தான் அளந்திருப்பார்கள் என்று விளங்கியது. மாடு வாங்க வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல.

"நோ," என்றேன். "மதர் மேரி. கேண்டில்."

அவர் கைகளை இறக்கினார். "ஐ ஆம் நொட் டெட்," என்றார் மெதுவாக.

"நோ டெட்," என்று அவருடைய காலைக் காட்டினேன். "வோக்."

அவர் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் அறுந்து விழுமோ என்று பயந்தேன். அன்றைக்குத்தான் முதல்தடவை அவருடைய முகத்தைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

ஊருக்குப் போன ஒருவரிடம் நூலைக் கொடுத்தனுப்பினேன். "அடிக்கணக்கு சொன்னால் போதாதோ அம்மா," என்றாள் மகள். மாதாவுக்கு அடிக்கணக்கு எதற்கு? நேர்த்தி நூலில்தான். நூல் கிடைத்த அன்றே சூசை போன் எடுத்தான்.

"அக்கா, நீ மனுசனுக்கு நேந்தனியோ, கோயில் கொடிமரத்துக்கு நேந்தனியோ?"

ஊரில் அந்த நீளத்துக்கு அச்சே இல்லை என்றும், இரண்டு திரியை உருக்கித்தான் ஒட்டவேண்டும் என்றும் புறுபுறுத்தான். யார் அந்த ஆள் என்று கேட்டான். மருமகன் சொன்னதை அப்படியே சொன்னேன். வாங்கில் இருந்ததையும் சொன்னேன்.

"அந்தாளையும் கேக்கிறவங்களோ, என்ன நடந்ததெண்டு?"

"ஓம். ஏறிறவன் இறங்கிறவன் எல்லாம்."

"நீ கேட்டனியோ?"

"எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்?"

"நல்லதாப் போச்சு," என்றான். "என்னட்டையும் நீ ஒரு நாளும் கேக்கேல்லை. உனக்குத் தமிழ் தெரியும்."

பிறகு, மெழுகு நல்லதாக வாங்கவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

போன ஞாயிறு வீடியோவில் காட்டினான். பெண்கள் பக்கத்தில், நான் வழக்கமாக முழந்தாளிடும் தூணடியில், பிள்ளைகளின் சின்னச்சின்னத் திரிகளுக்கு நடுவே கோர்டன் நின்றார். மன்னார் வெயிலுக்கு மெழுகு இளகி, கொளுத்துமுன்னே உச்சி முன்னுக்கு வளைந்துவிட்டதாம். வலை நூலால் தூணோடு கட்டி வைத்திருந்தான். "எந்த வீட்டுப் பிள்ளையெண்டு சனம் கேக்குது, அக்கா. எங்கட வீட்டுப் பிள்ளை எண்டிட்டன். இப்பிடியே எரிஞ்சால் பொழுதுபட உன்ர உயரத்துக்கு வந்திடுவார்."

மறுநாள் லிஃப்டில் போனைத் தூக்கிப் பிடித்தேன். கோர்டன் குனிந்து பார்த்தார். திரியைத் தொட்டார், தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு தூணடியில் திரிகளுக்குப் பக்கத்தில் தெரிந்த வெறும் தரையைக் காட்டி ஏதோ கேட்டார். என்ன கேட்டாரென்று விளங்கவில்லை.

"மை பிளேஸ்," என்றேன்.

கதவு திறந்தது. வெளியே பனி. அவர் தலையைக் குனிந்து இறங்கினார், தூணடியில் வளைந்து நின்றதுபோலவே.