ஏலத்துக்குப் போன கிராபிக்ஸ் கார்டு

என் தம்பி துபாய் வேலையை உதறிவிட்டு வந்து பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை போட்டபோது வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எதிர்த்தேன். பிறகு நானே போய் கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன். என் சுபாவம் அப்படி. எதிலும் என் கை இல்லாமல் இருக்கக் கூடாது.

கடையில் கீபோர்டும் சார்ஜரும்தான் விலைபோய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வெளியாகப் போவதாகத் தம்பி துள்ளிக் குதித்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் கேம் விளையாடுகிறவர்களும் அதற்காகத் தவம் கிடந்தார்களாம். கொச்சி விநியோகஸ்தரிடம் மாதக்கணக்கில் கெஞ்சி, வெளியீட்டு நாளிலேயே விற்கிற உரிமையை வாங்கினான். இது கைகூடினால் கடை நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி துபாய்தான் என்றான். ஒரே நிபந்தனை, வெளியீட்டு நாளான வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பெட்டியைக்கூட வெளியில் காட்டக் கூடாது.

முதல் பெட்டி சனிக்கிழமை வந்தது. மேசைக்கு அடியில் தள்ளி வைத்தான்.

"அக்கா, ஆருக்கும் காட்டப்பிடாது, கேட்டியா? ஒரு போட்டோ வெளிய போனா தீந்தது."

மறுநாள் எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. முதல் வாழைக்குலை, முதல் பலாச்சக்கை, முதல் முட்டை என்று எதுவானாலும் ஆலயத்தில் வைத்து ஜெபித்து ஏலம் விடுவோம். கொண்டுவந்தவரே ஏலத்தில் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. கடைக்கு வந்த முதல் பலன் மட்டும் ஏன் மேசைக்கு அடியில் கிடக்க வேண்டும்? தேவனுக்கு முன்னால் வைப்பதெல்லாம் வெளியில் காட்டுவதாகுமா? தம்பி வெள்ளிக்கிழமைக்கு எடிட்டர்களை அழைக்கக் காட்டாக்கடை ஊர்ப் பக்கம் போயிருந்தான். நான் பெட்டியைத் துண்டில் பொதிந்து எடுத்துப் போனேன்.

ஏலம் விடுகிறவர் துண்டை உருவிவிட்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். "நாட்டுல இன்னும் எறங்காத சாதனமாக்கும் இது! கேளுங்க, கேளுங்க!"

அதை அவர் காதில் ஓதியதும் நான்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சபையின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. விடாமல் கேட்டுப் பெட்டியை நானே மீட்டு, சீல் உடையாமல் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

கேம் விளையாடுகிறவர்களின் குழுவில் யாரோ அந்தக் காட்சியை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மாலையில் விநியோகஸ்தரின் அழைப்பு வந்தது. தம்பி என் எதிரில் நின்றுதான் பேசினான்.

"நாந்தான் சார் கொண்டு போனேன். தப்பு என்மேலதான்."

உரிமை ரத்தானது.

"எலே, உன் நல்லதுக்குத்தானே செய்தேன்" என்றேன்.

"தெரியும் அக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவன் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அது அவனுடைய கடை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எடிட்டர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் திருவனந்தபுரத்துக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினான். கடைசி ஆளும் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"பாஸ்போர்ட்டை எடுத்துத் தா அக்கா."

அதையும் நான்தான் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.