கலெக்டர் பெயர் போட்ட பெட்டி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ரெடிமேட் துணிக்கடையின் மாடியில் கலையரசி கேம் சென்டர் நடத்திவந்தாள். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டிவியில் கேம் ஆட விடுகிற இடம். இந்தத் தொழிலை ஒரு பெண் நடத்துவது ஊரில் பலருக்கு விசித்திரமாக இருந்தது. "ஓனர் இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்டுவிட்டு இறங்கிப் போனவர்கள் உண்டு.

அவள் பிறந்தது களமருதூரில். அப்பாவும் அம்மாவும் கூலி நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் விளையாட்டுத் தளத்தில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனாள். காலையில் கூட்டம் வரும் முன் மெஷின்கள் ஓடுகிறதா என்று ஆடிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த வேலையை இவள் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தை மூடியபோது டிவியில் மாட்டி ஆடும் மூன்று பழைய மெஷின்களை மலிவாக வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினாள். கச்சிராயபாளையம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டும் ஜீவாவுக்கும் அவளுக்கும் அதற்குப் பிறகுதான் கல்யாணம் ஆனது.

தொழிலில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த கேமையும் வந்த உடனே வாங்க மாட்டாள். ஆறு மாதம் போனால் விலை பாதியாகிவிடும், அப்போது வாங்குவாள். வேண்டாத எதற்கும் காசு போகாது.

அந்தக் கட்டுப்பாடு உடைந்தது கொரோனா வருடத்தில். மாதக்கணக்கில் சென்டரை மூடிவைத்து, ஒரு மெஷினை விற்று, மறுபடி திறந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் கைபேசியில் ஆடப் பழகியிருந்தார்கள். பகலெல்லாம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் பழைய கேம்களை வாங்கி விற்கும் அஜித்குமார் போன் செய்தான்.

"அக்கா, ஒரு சுரங்க கேம் வருது. அதுல கலெக்டர்ஸ் எடிஷன்னு பெரிய பொட்டி. உள்ள சிடி, ஒரு பொம்மை, துணியில மேப்பு, அப்புறம் ஒரு லாந்தர் வெளக்கு. கொஞ்சம்தான் போடறான். வாங்கி, ஒட்டுப் பிரிக்காம ஒரு வருஷம் வச்சிரு. ரெட்டிப்பு வெலைக்கு நானே வித்துக் குடுக்கறேன்."

ஜீவாவிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சாதா பொட்டியில இருக்கறதும் அதே கேமுதானே?"

"அதேதான்."

"அப்ப ஜாஸ்தி குடுக்கறது இன்னாத்துக்கு?"

"விக்கறதுக்குங்க. ஆடறதுக்கு இல்ல."

அவன் தலையாட்டினான். சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை. கலையரசி மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்து அந்தப் பெட்டிக்குச் சொல்லிவிட்டாள்.

பெட்டி ஜனவரியில் வந்தது. கூரியர்காரர்கள் அதைச் சின்னசேலத்தோடு இறக்கிவைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்கூட்டியில் போனாள். கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு திரும்பினாள். கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன.

அது படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்கு உள் ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் மறித்தது. மறித்த இடத்திலேயே அவர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கலையரசி ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். கையில் துண்டு சுற்றிய ஒருவர் எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். கொளஞ்சியப்பன் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தார்.

"கலெக்டர்னு போட்டிருக்குதுப்பா!"

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

"கலெக்டர் ஆபீசு சாமானா? உள்ள இன்னாம்மா?"

"கலெக்டர் ஆபீசு இல்லீங்க. கேமு. டிவியில ஆடறது."

"கேமுக்கு எதுக்குக் கலெக்டர் பேரு?"

இந்தக் கலெக்டர் வேறு, பொருள் சேர்த்துவைக்கிறவர்களுக்கான பெட்டி என்று சொன்னால் நம்புகிற முகம் எதுவும் அங்கே இல்லை. காலையிலிருந்தே, யாரோ பாட்டிலும் கல்லும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பழியை நம் மேல் போடப் போகிறார்கள் என்று அவர்களுக்குள் பேச்சு. முன்வரிசையில் இருந்த பெரியவர் பொன்னுரங்கம் வந்தார். கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்திருப்பவர். அவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட்டார்கள்.

"பிரிச்சிக் காட்டிட்டுப் போம்மா. பயம் ஒண்ணுமில்ல."

"பிரிக்கக் கூடாதுங்க. ஒட்டுப் பிரிஞ்சா வெல போய்டும்."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

"எந்த ஊரு நீ?"

"களமருதூருங்க."

"களமருதூர்ல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வி எதற்கு என்று கலையரசிக்குத் தெரியும். "இப்ப கள்ளக்குறிச்சிதாங்க இருக்கறோம்" என்றாள். பெரியவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. ஆனால் கொளஞ்சியப்பன் அதற்குள் சாவியால் ஒட்டைக் கீறிவிட்டிருந்தார்.

ரோட்டில் துண்டு விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். முகம் தெரியாதபடி தொப்பி போட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி பொம்மை. சுரங்கப் பாதைகள் அச்சிட்ட துணி. பித்தளை நிறத்தில் பிளாஸ்டிக் லாந்தர். கடைசியாக, கையகலத்தில் கேம் சிடி.

"இதான் கேமா?"

"ஆமாங்க."

"இத்த மட்டும் தனியா வாங்க முடியாதா?"

"முடியும். நாலுல ஒரு பங்கு வெலதான்."

"அப்ப மீதி மூணு பங்கு இந்தப் பொம்மைக்கும் வெளக்குக்குமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. லாந்தரைத் தூக்கிப் பார்த்து, "நான் டிராக்டர் எடுத்தப்ப ரேடியோ வச்சி, ஸ்டிக்கரு ஒட்டி, ஜாஸ்தி வாங்கிக்கினான். ரெண்டு மழையில ரேடியோ போச்சு. ஓட்டறது என்னவோ அதே ஓட்டுதான்" என்றார். பிறகு அவரே எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, வழிவிடச் சொன்னார்.

சென்டருக்கு வந்து பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுக் கலையரசி வெகுநேரம் அதைத் தொடவில்லை. அஜித்குமாருக்குப் போன் செய்தாள். "ஒட்டுப் போச்சின்னா, போட்ட காசு வந்தாலே பெருசுக்கா" என்றான். விற்க முடியாதென்று ஆன பிறகு ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. மெஷினில் சிடியைப் போட்டாள். லாந்தரைக் கைபேசி வழியாக மெஷினோடு சேர்த்தாள். கேமுக்குள் ஆடுபவனுக்கு உயிர் இருக்கும்வரை விளக்கு மஞ்சளாக எரிந்தது. அடி பட்டால் சிவந்தது. சாகும் நேரத்தில் விட்டு விட்டுத் துடித்தது. மேசையில் இடமில்லாததால் அதைத் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தாள்.

எதிர்ச்சாரியில் ஒரு ஜவுளிக்கடை. அதில் வேலை செய்யும் இலக்கியாவும் தனுஷாவும் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது மாடி ஜன்னலில் சிவப்பு துடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"அக்கா, செவப்பா எரிஞ்சி எரிஞ்சி அணையுதே, அது இன்னாக்கா?"

"உள்ள ஆடறவன் சாவப்போறான்னு அர்த்தம்."

"ஐயோ. சாவட்டும், பாக்கலாமா?"

உள்ளே ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் அவர்களைக் கண்டதும் விறைத்துக்கொண்டார்கள். பெண்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் கலையரசி கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பெண்களுக்கு மட்டும். ஏன் இத்தனை வருடம் இது தோன்றவில்லை என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

இலக்கியா வந்தாள், தனுஷா வந்தாள், கீழே ரெடிமேட் கடையிலிருந்து வந்தார்கள், பாத்திரக்கடையிலிருந்து வந்தார்கள். ஒரு நாள் இலக்கியா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஆடலியா?"

"இல்லக்கா. கடையில காலையிலேர்ந்து நிக்கறது. உக்காந்தா சூப்பர்வைசரு கத்துவாரு. இங்க உக்காரத்தான் வரேன். ஆட்டம் அப்புறம்."

அந்த வாரமே கலையரசி நாற்காலிகளுக்கு மெத்தை போட்டாள். இலக்கியா உட்கார மட்டும் வந்தாள் என்றாலும் தனுஷா அப்படியல்ல; சுரங்கத்தின் அடிவரை போய் வந்த முதல் ஆள் அவள்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது என்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள். சில நாள் கழித்துப் பொன்னுரங்கம் மாடியேறி வந்தார். எப்படி இடத்தைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

"அன்னிக்கி பிரிச்சிப்புட்டோம். உனக்கு நஷ்டமாம்மா?"

"நஷ்டந்தாங்க" என்றாள் கலையரசி. மழுப்பத் தோன்றவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கீழிருந்து டீ வரவழைத்தாள், உட்கார்ந்து குடித்தார். மகள் நர்சிங்குக்கு எழுதிப் போடப் போகிறாள், இனி சீட்டுக்குக் கவலை இல்லை என்றார். அந்த வருடக் கடைசியில் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்தப் பெண்ணுக்குச் சீட்டு கிடைத்ததா என்று கலையரசிக்குத் தெரியாது. பெரியவர் மறுபடி வரவில்லை.

இடையில் இன்னொரு ஊரடங்கு வந்து போனது. அது முடிந்து திறந்து சில மாதங்களில் லாந்தர் மெஷினோடு சேர மறுத்தது. கேம் கம்பெனி அதற்கான செயலியை நிறுத்திவிட்டதாக அஜித்குமார் சொன்னான். பொத்தானை அழுத்தினால் வெள்ளையாக எரிந்தது, அவ்வளவுதான். ஒட்டுப் பிரிக்காத பெட்டி இப்போது அவன் சொன்னதற்கும் மேலான விலைக்குப் போவதாகச் சொன்னபோது கலையரசிக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மதிய நேரக் கூட்டம் குறையவில்லை. விளக்கு சிவப்பாகத் துடிக்காததை ஆண்கள்தான் கேட்டார்கள். பெண்கள் யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் இன்னொரு கேம் கையுறையோடு வந்தது. கலையரசி சாதாப் பெட்டியையே வாங்கினாள், அதுவும் ஆறு மாதம் கழித்து. மிச்சத்தில் இன்னொரு மெஷின் சேர்ந்தது.

தனுஷா ஜவுளிக்கடையை விட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். முதல் சம்பளம் வாங்கியதும் போன் செய்தாள்.

"அக்கா, அந்தக் கையுறை பொட்டி ஒண்ணு வாங்கட்டுமா?"

"கையுறை எத்தினி மாசம் வேல செய்யும்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டுக்கினு வாங்கு. ஆட்டம் மட்டும் போதும்னா சாதாவே போதும். அதுக்கு மேல குடுக்கறது உன் ஆசைக்குக் குடுக்கறது. அது தெரிஞ்சி குடு."

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. ஓசூர் விடுதியறைக் கட்டிலில் தனுஷா கையுறையை மாட்டிக்கொண்டு, மேட்டூர் அணையே தனக்குத்தான் என்பது போல உட்கார்ந்திருந்தாள். கலையரசி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தையல் நன்றாக இருந்தது. விரல் நுனிகளில் சின்னச் சின்ன விளக்குகள். "சூப்பரா இருக்குதுடி" என்று பதில் போட்டுவிட்டு, மணி மூன்றானதால் ஆண்களுக்குக் கதவைத் திறக்க எழுந்தாள்.