இருபத்தெட்டு மார்க்

"நூறுலேர்ந்து ஏழு போனா?"

"தொண்ணூத்திமூணு."

விடை சரி. அதனால் வெங்கடேஸ்வரனின் முகம் சுண்டிப்போகிறது. "அப்புறம்?" என்கிறார் நப்பாசையோடு. எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்று அம்மிணி சகஸ்ரநாமம் சொல்வதைப் போலத் தடங்கலில்லாமல் இறங்குகிறாள். மும்பை மாட்டுங்காவில் அவர்களுடைய மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் தினமும் காலைக் காபிக்குப் பிறகு இந்தப் பரீட்சை நடக்கிறது. மனைவி ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கேள்வி கேட்கும் புருஷன் இந்த வட்டாரத்தில் இவர் ஒருவர்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பிறவி வாத்தியார். மகன் கண்ணாவைப் பழைய கேள்வித்தாள்களைக் கொண்டே பவாய் ஐ.ஐ.டி.க்குள் தள்ளியவர், மகள் ரஞ்சனாவை சி.ஏ. ஆக்கியவர். "பேப்பர் பேட்டர்ன் தெரிஞ்சுட்டா பரமசிவனையும் பாஸ் பண்ண வெச்சுடலாம் ஓய்!" என்பது அவர் சித்தாந்தம்.

அம்மிணிக்கு அல்சைமர் என்று தெரிந்த நாளிலிருந்து மூளை விஞ்ஞானியும் ஆகிவிட்டார். மூளை தானே சுரந்துகொள்ளும் ஸ்டீராய்டு உண்டாம். நியூரோஸ்டீராய்டு என்று பெயராம். வயதானால் வற்றிவிடுமாம். அதை ஊசியில் ஏற்றியதும், வழி மறந்த எலிகளின் மூளையில் புதுச் செல்கள் முளைத்து அவை வழி கண்டுபிடித்துவிட்டனவாம். இதை வாட்ச்மேனுக்குச் சொன்னார், பஜனை கோஷ்டிக்குச் சொன்னார், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மார்க்கெட்டில் காய் விற்கும் காசிம் "அங்கிள், சூஹா கைஸா ஹை?" என்று எலியின் க்ஷேமத்தை விசாரித்த பிறகுதான் இப்போதெல்லாம் வெண்டைக்காயை நிறுக்கிறார். எலி பரம சௌக்கியம். அம்மிணிக்குத்தான் பக்கத்திலிருக்கும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியவில்லை.

அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று மும்பையிலேயே தொடங்கியது. சேர்த்துக்கொள்வதற்கு முன் ஒரு ஞாபகப் பரீட்சை, முப்பது மார்க்குக்கு. பரீட்சை என்ற சொல் காதில் விழ வேண்டியதுதான், மனுஷருக்குக் கை துறுதுறுத்தது. வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நெட்டிலிருந்து இறக்கி, நீள நோட்டில் எழுதி, மூன்று வாரம் கோச்சிங். அன்றைய தேதியை மட்டும் டாக்ஸியில் போகும்போது சொல்லிக்கொடுத்தார்.

அம்மிணி இருபத்தெட்டு வாங்கினாள். வெளியே காத்திருந்தவர்களிடம் "ட்வென்டி எய்ட்!" என்று ரிசல்ட் அறிவித்தார். பேடா வாங்கி விநியோகிக்காததுதான் பாக்கி.

தாராவியில் வளர்ந்த டாக்டர் சஃப்ரீன் தமிழிலேயே சொன்னார்: "அங்கிள், இருபத்திநாலுக்கு மேல இருந்தா எடுக்கக் கூடாது. ரூல்ஸ். ஆன்ட்டி நல்லாத்தானே இருக்காங்க?"

"ஐயோ, நன்னா இல்லேம்மா அவ! நான்தான் சொல்லிக் குடுத்தேன்!"

சொல்லிக்கொடுத்ததை முப்பது வருஷமாகப் பெருமையடித்துக்கொண்ட மனிதர், அன்றுதான் முதல்முறையாக அதைத் திருட்டைப் போல ஒப்புக்கொண்டார். சஃப்ரீன் பெருமூச்சு விட்டார். "ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பாக்கலாம். அதுக்குள்ள இதெல்லாம் மறந்திருக்கணும். அப்புறம் சேர்க்கை முடிஞ்சிடும்."

அந்த ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. கேஸை அணைப்பது, புடவை கட்டுவது, ரஞ்சனாவின் பெயர் எல்லாம் அம்மிணிக்கு ஒவ்வொன்றாக மறந்துவிட்டன. கேள்வி பதில் மட்டும் அசையவில்லை. மறந்துவிட்டாளா என்று தினமும் கேட்டுப் பார்ப்பதே ரிவிஷன் ஆகிவிடுகிறது என்பது, ஐ.ஐ.டி.காரனைப் பெற்றவருக்கு இன்னும் உறைக்கவில்லை. எலிக்கு யாரும் கோச்சிங் கொடுக்கவில்லை, அது பிழைத்துக்கொண்டது.

இன்று அறுபத்தைந்து வரை பிழையில்லாமல் இறங்கி முடித்த அம்மிணி, அவர் கட்டிவிட்ட புடவையின் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

"சார், எங்காத்துக்காரர் ஆபீஸ்லேர்ந்து வர்ற நேரம். நான் நன்னாப் படிக்கறேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ரொம்ப சந்தோஷப்படுவார்."

வெங்கடேஸ்வரன் நோட்டை மூடினார். "சொல்றேம்மா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு காலிங்பெல்லை அழுத்தினார்.