அம்மா கேட்கச் சொன்ன ஒற்றைக் கேள்வி

எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணியின் நிர்வாகத்துக்கு எதிராக எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடந்தது. வசந்தத்தில் தொடங்கி இலைகள் உதிரும்வரை நீளும் வழக்கு. குற்றம் சாட்டுபவர் அம்மா. நிர்வாகத்தின் தரப்பில் வாதாடுபவர் அப்பா. மில்லிக்கன் என்ற புறநகரில் ஒரு வீட்டு அடுப்படியில் தங்களுக்கு எதிராக இப்படியொரு விசாரணை நடப்பதை அந்த அணியின் பெரிய மனிதர்கள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நீதிபதி நான். அந்த ஆசனத்தில் என்னை யாரும் அமர்த்தவில்லை, நானாகவே அமர்ந்துகொண்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது. தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் வென்ற கேடயங்கள் அதற்குள்ளாகவே எங்கள் வரவேற்பறை அலமாரியில் இடம் போதாமல் தொலைக்காட்சிக்கு மேலேயும் ஏறியிருந்தன. வாதம் என்றால் இன்னதென்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

வழக்கறிஞர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்ததில்லை என்பதுதான் அந்த நீதிமன்றத்தின் தனித்தன்மை. அப்பா எல்லை தாண்டி அமெரிக்காவின் தென்கோடிவரை ஓடும் பெரிய ட்ரக் ஒன்றை ஓட்டினார். ஞாயிறு புறப்பட்டால் வெள்ளியோ சனியோதான் வீடு காண்பார். அம்மா ஸ்டீல்ஸ் வீதியில் பிளாசா என்னும் கடைத்தொகுதி ஒன்றிலுள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் விடியப்புறம் தொடங்கி மதியம்வரை இடியப்பம் பிழிந்தார். மாலையில் எங்கள் அடுப்படி யன்னலில் வானொலி பாடத் தொடங்கும். பாட்டல்ல, ஆட்ட வர்ணனை. அதே நேரம் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் அப்பாவும் அதே வர்ணனையைக் கைத்தொலைபேசி வழியாக ட்ரக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்.

வர்ணனை செய்தவர் வயதான ஒருவர். அவர் எதையும் விடமாட்டார். காற்று ஏரிப் பக்கமிருந்து வீசுகிறது என்பார். நிழல் பந்தெறிபவரின் கால்வரை வந்துவிட்டது என்பார். பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பவர் கையுறையை எந்தப் பக்கம் நகர்த்தினார் என்பதைக்கூடச் சொல்வார். வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சி இருக்க, அம்மா ஏன் அடுப்படியில் நின்று இதைக் கேட்கிறார் என்று நான் வியந்ததுண்டு. சமைக்க வசதி என்று எனக்கு நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

ஓர் ஆட்டம் முடிவதற்குள் அப்பாவின் அழைப்பு வந்துவிடும். அம்மா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைப்பார்.

“கண்டியளே உவங்கள் செய்த வேலையை? நல்லா எறிஞ்சுகொண்டு நிண்ட பெடியனை அரைவாசியிலை இழுத்தெடுத்துப்போட்டாங்கள்!”

“கொம்பியூட்டர் சொல்லியிருக்குமப்பா. மூண்டாம் முறை அடிக்க வாறவங்கள் அவன்ரை பந்தின்ரை போக்கைப் பிடிச்சிடுவாங்கள் எண்டு.”

“அப்ப கொம்பியூட்டரைக் கொண்டுபோய் நிப்பாட்டி எறியச் சொல்லுங்கோவன்.”

அந்த ஆண்டு கோடையின் நடுவில், அம்மாவுக்குப் பிடித்த இடதுபுறக் களவீரரை அணி வேறு நகரத்துக்குக் கைமாற்றியபோது வழக்கு உச்சத்தை அடைந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் அவன் எப்படியும் போய்விடுவான், சும்மா போகவிடுவதைவிட இரண்டு இளம் ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு விடுவதே புத்தி என்பது அப்பாவின் வாதம்.

“மீசை முளைக்காத ரெண்டு பெடியள்! உவங்கள் ரீம் நடத்தேல்லை, கடை நடத்திறாங்கள்.”

“கடை எண்டால் லாபம் பாக்கத்தானே வேணும்?”

“நானும் கடையிலைதான் வேலை செய்யிறன். நல்ல கறியை வித்துப்போட்டு வெறும் சட்டியை வைச்சுக்கொண்டு நிண்டால் ஆர் வருவினம்? நீங்கள் அவையின்ரை ஒஃபிசிலை சம்பளம் வாங்கிறியளோ?”

அப்பா சிரிக்கும் ஒலி ட்ரக்கின் இரைச்சலோடு சேர்ந்து எங்கள் அடுப்படியை நிரப்பும்.

நீதிபதி என்ற முறையில் எனக்கு அப்பாவின் திறமையில் பெருத்த ஏமாற்றம் இருந்தது. அவர் எப்போதும் வலுவற்ற தரப்பையே எடுத்தார். நேற்றுத் தோற்ற வாதத்தை வெட்கமில்லாமல் இன்றும் எடுத்து வந்தார். மைதானத்தின் மலிவான ஆசனங்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மதுக்கூடம் கட்டியதை அவர் நியாயப்படுத்திய விதம் ஒரு தொடக்கநிலை மாணவனுக்கே அவமானம். அம்மா அவரை மடக்குவார். அவர் தோல்வியை ஒப்புக்கொள்வார். மறுநாள் அதே இடத்தில் மீண்டும் தொடங்குவார். அடுப்பில் கறி வற்றி அடிப்பிடித்த நாள்களும் உண்டு.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச அம்மாவுக்கு வேறு ஆள் இருக்கவில்லை. எங்கள் உறவினர் அனைவரும் கிரிக்கெட் இரசிகர்கள். கடையில் கூட வேலைசெய்த பெண்கள் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிக் கதைத்தார்கள். “உம்மடை அவர் ட்ரக்கிலை, நீர் றேடியோவிலை. நல்ல குடும்பம்!” என்று ஒரு அன்ரி பேச்சுப் போட்டி நடந்த மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தது நினைவிருக்கிறது. அம்மா சிரித்தபடி என் பட்டுப்பாவாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பனிக்காலத்தில் அந்தச் செய்தி வந்தது. அடுத்த பருவத்திலிருந்து வானொலிக்கென்று தனி வர்ணனையாளர் இருக்கமாட்டார். செலவைக் குறைப்பதற்காகத் தொலைக்காட்சியில் பேசுபவர்களின் குரலையே வானொலியிலும் ஒலிபரப்புவார்கள். இணையத்தில் வந்த அறிவிப்பை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எனக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. ஒரு குரல் போனால் இன்னொரு குரல் வரப்போகிறது, அவ்வளவுதானே?

அன்று மாலை அப்பா, “காசு மிச்சம் பிடிக்கிறாங்களப்பா” என்றார். அம்மா எதிர்த்து வாதாடவில்லை. அப்பாவும் தொடரவில்லை. எதிர்ப்பில்லாத வழக்கு என்று நான் குறித்துக்கொண்டேன்.

சில வாரங்களில் அம்மா ஒரு காரியம் செய்தார். பனிக்காலத்தில் ஒருநாள் அணியின் அலுவலர்கள் இரசிகர்களைச் சந்தித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது வழக்கம். அதற்கு எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

“ஒரு கேள்வி கேக்கவேணும், பிள்ளை. நீ கேள்.”

“நீங்களே கேளுங்கோவன், அம்மா. உங்களுக்கு இங்கிலிஸ் தெரியும்தானே?”

“கடைக்குக் காணும். உவைக்கு முன்னாலை காணாது. நீ மேடையிலை பேசிற பிள்ளை. றேடியோவுக்கெண்டு ஒரு ஆளைத் தனிய விடமாட்டியளோ எண்டு கேள். அவ்வளவுதான். வேறை ஒண்டும் வேண்டாம்.”

அவ்வளவுதானா? முன்னுரை இல்லாத கேள்வி வாசல் இல்லாத வீடு என்றே நான் பயின்றிருந்தேன். எங்கள் போட்டிகளில் தலைவருக்கும் நடுவர்களுக்கும் அவைக்கும் முறைப்படி வணக்கம் சொல்லாத பேச்சாளருக்குப் புள்ளிகள் குறையும். ஆகவே ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று உரையைக் கட்டினேன். முதலில் வணக்கம், பிறகு நகரின் பெருமை, பிறகு நிர்வாகத்தின்மீது மூன்று குற்றச்சாட்டுகள், அனைத்தும் அம்மா அடுப்படியில் நிறுவியவை, கோபுரத்தின் உச்சியில் கலசம்போல அம்மாவின் கேள்வி. தொலைக்காட்சியில் பேசுபவர் கண்ணுள்ளவருக்குப் பேசுகிறார், வானொலியில் பேசுபவர் நம் கண்ணாகவே இருந்து பேசுகிறார் என்று முடிப்பதாகத் திட்டம். அந்த வரியை இன்றும் என்னால் குறைசொல்ல முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மண்டப நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அணியும் நீலக் கோட்டை அணிந்துகொண்டார். மில்லிக்கனில் ரயில் ஏறி நகர நடுவில் யூனியன் நிலையத்தில் இறங்கினோம். பெரிய மண்டபம் அது. மேடையில் நான்கு அலுவலர்கள். ஒலிவாங்கியோடு வரிசை வரிசையாக நடந்த ஒரு பெண். எழுந்தவர்கள் எல்லோரும் ஒற்றை வாக்கியத்தில் கேட்டுவிட்டு அமர்ந்தார்கள். முறையான பயிற்சி பெறாதவர்கள் என்று அவர்களுக்காக இரங்கினேன்.

ஒலிவாங்கி என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன். அவை அமைதியாகும்வரை காத்திருந்தேன். பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினேன்: பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அலுவலர்களே, என்னோடு இன்பத்திலும் துன்பத்திலும் பங்குகொள்ளும் சக இரசிகர்களே!

மண்டபம் முழுவதும் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். அவை என் வசமாகிவிட்டது என்று அறிந்துகொண்டேன். ஏரியைப் புகழ்ந்தேன். நகரின் உயர்ந்த கோபுரத்தைப் புகழ்ந்தேன். இடதுபுறக் களவீரரைக் கைமாற்றியதைக் கண்டித்தேன், கைதட்டினார்கள். மலிவான ஆசனங்கள் எங்கே என்று கேட்டேன்; சிலர் எழுந்து நின்றே கைதட்டினார்கள். ஒலிவாங்கிப் பெண் குனிந்து, உன் கேள்வி என்ன செல்லமே என்று மெல்லக் கேட்டாள். எங்கள் போட்டிகளில் முதல் மணி அடித்தால் இன்னும் ஒரு நிமிடம் உண்டு. அவளுடைய குரலை அந்த முதல் மணியாகவே எடுத்துக்கொண்டேன். குரலை உயர்த்தி மூன்றாம் குற்றச்சாட்டுக்குப் போனேன். ‘ஆகவே’ என்று சொல்லி மூச்சை இழுத்தபோது ஒலிவாங்கி என் வாயருகில் இருக்கவில்லை.

மேடையின் நடுவில் இருந்த அலுவலர் சிரித்துக்கொண்டே, இந்தப் பெண்ணிடம் என் வேலை பறிபோகப் போகிறது என்றார். ஆசனங்களைப் பற்றி வழவழப்பாக ஏதோ சொன்னார். யாரோ என் தலையில் புதிய தொப்பியொன்றை வைத்தார்கள். கைதட்டலுக்கு நான் தலைவணங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அம்மா பாதி எழுந்திருந்தார். அவருடைய உதடுகள் திறந்திருந்தன. ஒலிவாங்கி அதற்குள் மண்டபத்தின் மறுகரைக்குப் போய்விட்டது. அம்மா அமர்ந்தார். பின்வரிசைக் கிழவர் ஒருவர் முன்னால் சாய்ந்து, உங்கள் மகள் அருமையாகப் பேசினாள் என்றார். அம்மா அவருக்கு நன்றி சொன்னார்.

திரும்பும் ரயிலில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“எப்பிடியம்மா இருந்தது?”

“நல்லாய்ப் பேசினாய்.”

“கேள்விக்கு வர விடேல்லையே. இன்னும் ஒரு நிமிசம் தந்திருக்கவேணும்.”

“ஓம். அவைக்கு எங்கடை முறை தெரியாதுதானே.”

பிறகு அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சரக்குக் களஞ்சியங்களின் பின்புறங்களும் அவற்றின் வாசலில் வரிசையாக நின்ற ட்ரக்குகளும் பனியில் நனைந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் தொப்பியைக் கழற்றவேயில்லை.

வசந்தம் வந்தது. முதல் ஆட்டத்தன்று அடுப்படி யன்னலிலிருந்து புதிய குரல்கள் கேட்டன. கலகலப்பான இருவர். ‘அடேயப்பா, அதைப் பாருங்கள்!’ என்பார்கள்; பிறகு கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும். ஒலி குறைவோ என்று அம்மா கூட்டினார். இரைச்சல் கூடியது. சிறிது நேரத்தில் அப்பா அழைத்தார்.

“என்னப்பா நடந்தது? அதைப் பாருங்கோ எண்டான். நான் ரோட்டைப் பாக்கிறதோ அதைப் பாக்கிறதோ?”

அம்மா சிரித்துவிட்டு வரவேற்பறைக்கு ஓடித் தொலைக்காட்சியைப் போட்டார். “பொறுங்கோ, நான் சொல்லுறன். அடிச்சிட்டான்… ஓடுறான்… இல்லை, இல்லை, பிடிச்சிட்டாங்கள். அது முதல் நடந்ததைத் திருப்பிப் போட்டது. இப்ப வேறை ஆள் நிக்கிறான்…” அம்மா ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே இரண்டு நடந்துவிடும். அப்பாவின் தொடர்பும் மலைப்பகுதிகளில் அறுந்து அறுந்து போகும். சில மாலைகள் அப்படி நடந்தன. பிறகு அப்பா ஆட்டம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காத ஆட்டத்தில் நிர்வாகத்துக்காக எதை எடுத்து வாதாடுவது? அணி அந்த ஆண்டும் தவறுகள் செய்தது. அம்மா தட்டில் மாவைப் பிசைந்துகொண்டே தனியாக ஒரு சொல் முணுமுணுப்பார். எதிர்த்தரப்பு இல்லாததால் அது அதோடு நின்றுவிடும்.

அப்பா நாள் தவறாமல் அழைத்தார். சாப்பிட்டியளோ என்று அம்மா கேட்பார். ஓம் என்பார். எங்கை நிக்கிறியள் என்று கேட்பார். ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். பிள்ளை படிக்கிறாளோ என்று அப்பா கேட்பார். ஓம் என்பார் அம்மா. அதன்பிறகு இருவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். ட்ரக்கின் இரைச்சல் மட்டும் வரும்.

அவையில் மௌனம் விழுந்தால் அதை நிரப்புவது பேச்சாளரின் கடமை. கோடையில் ஒருநாள் மாலை, அடுத்த போட்டிக்கான என் உரை நெட்டுருவாகியிருந்தது. சமையலறையில் இன்னும் வெயில் இருந்தது. மூன்று கேள்விகளும் முடிந்து மௌனம் தொடங்கியதும் நான் அம்மாவின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினேன். தலைவர் அவர்களே என்று தொடங்கி நன்றி வணக்கம்வரை ஒரு சொல் பிசகாமல் அப்பாவுக்குச் சொல்லிக் காட்டினேன். அப்பா கைதட்ட முடியாததால் ட்ரக்கின் ஹோர்னை நீளமாக ஒருமுறை அடித்தார். “கெட்டிக்காரி. முதல் பரிசு உனக்குத்தான். சரி பிள்ளை, இறங்கிற இடம் வந்திட்டுது, வைக்கிறன்” என்றார்.

நான் திரும்பியபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்து, என் முன்னால் கையை நீட்டியபடி நின்றார். தொலைபேசியில் மின்கலம் குறைந்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். அதற்குத்தான் கேட்கிறார் என்று எண்ணி, அவருக்கு எதற்கு வீண் சிரமம் என்று நானே கொண்டுபோய்ச் சுவரில் சார்ஜரில் மாட்டிவிட்டு வந்தேன்.