கே யுன்லியனுக்கு வராத கடிதம்

சீனாவின் செங்டூ நகரத்தில் ஒரு குடியிருப்புக் குழு அலுவலகம். அங்கே இருபது வருடமாக வேலை பார்ப்பவள் கே யுன்லியன். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் மாமியார் மருமகள் மண்டை உடைந்தாலும் முதலில் போய் நிற்பது அவள்தான்.

சென்ற வசந்த காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்கள். மறதி நோய்க்கான வாய்ப்பு யார் யாருக்குப் பிறவியிலேயே அதிகம் என்று ரத்தத்தில் பார்க்க வேண்டுமாம். ஐம்பத்தைந்து தாண்டிய இருநூறு பேர் தேவை. ஆளுக்கு ஒரு பெட்டி முட்டை என்று அறிவித்தும் ஒருவரும் அசையவில்லை. யுன்லியன் தேநீர்க் கடைக்கே போனாள்.

"இத்தனை நாளா பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்தைத்தான் பார்த்திருக்காங்க. அதை வச்சு நமக்கு ஆரூடம் சொன்னா சரியா இருக்குமா?"

மாஜாங் காய்களை அடுக்கி ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிராமல் சொன்னார்: "மறதி வந்தா நல்லதுதாம்மா. பொண்டாட்டி திட்டினதெல்லாம் மறந்துபோகும்."

"உங்களுக்கு மறந்துடும் அண்ணே, அக்காவுக்கு மறக்காதே!" என்றவள், முதல் ஆளாகத் தன் கையை நீட்டினாள். பிறகு கூட்டம் சேர்ந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி: முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்? எல்லோரும் மகன் பெயரையோ மகள் பெயரையோ எழுதினார்கள். கெட்ட செய்தியை வீட்டார் சுமப்பார்கள், நோயாளி நிம்மதியாகச் சாப்பிடுவார். அங்கே அதுதான் பாசம். யுன்லியனுக்குக் கோபம் வந்தது. "உங்க மூளை, உங்க கடுதாசி. நீங்களே கேட்டுக்கக் கூடாதா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தன் படிவத்தில், கை போன போக்கில், கணவர் பெயரை எழுதினாள்.

அவர் லுவோ மிங்தே, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ரத்தம் கொடுத்துச் சில மாதம் ஆனது. கடந்த இரண்டு மாதமாக அவர் ஒரு மாதிரி நடந்துகொண்டார். மூளைக்கு நல்லதென்று அக்ரூட் மூட்டை வாங்கினார். மாஜாங்கை வெறுத்தவர் அவளை ஆடச் சொல்லி விரட்டினார். காலையில் எழுந்ததும் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார்.

நல்ல முடிவென்றால் கடிதம். இல்லையென்றால் படிவத்தில் எழுதியவருக்குத் தொலைபேசி. கடிதக் கட்டு அலுவலகத்துக்குத்தான் வந்தது, பிரித்துக் கொடுத்தவளும் யுன்லியனேதான். அதில் அவள் பெயர் இல்லை.

மறுநாள் காலையில் நூடுல்ஸ் கிண்ணத்தை அவர் முன் வைத்துவிட்டுக் கேட்டாள்: "கிழவா, ஃபோன்ல என்ன சொன்னாங்க?"

"எந்த ஃபோன்?"

"மறதி எனக்குத்தானே வரணும், உனக்கு எதுக்கு வருது?"

மிங்தே குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, உனக்கு ரெண்டுமே அந்த மறதி மரபணுதானாம். நம்மாளுங்கள்ல ரொம்ப அபூர்வமாம். வந்தே தீரும்னு இல்லை. வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்."

"ரெண்டு மாசமா மறைச்சியே! என்னைக் குழந்தைன்னு நினைச்சியா?" அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது கைபேசியை எடுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அப்படின்னா நம்ம மககிட்டயும் கண்டிப்பா ஒண்ணு இருக்குமாம். சோங்சிங் நகரத்துல இருக்கறவளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடவா? அவ மூளை, அவ கடுதாசி."

யுன்லியன் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள். பிறகு அவர் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கித் தானே பேசினாள்.

"என்னம்மா, காலங்காத்தால? ஆபீசுக்குக் கிளம்பிட்டிருக்கேன்" என்றாள் மகள் சின்யுவே.

"ஒண்ணுமில்லடி. நல்லாத் தூங்கறியா? அக்ரூட் சாப்பிடறியா?"

"அக்ரூட்டா? எதுக்கு?"

"சும்மாதான். ரெண்டு கிலோ அனுப்பறேன்."

மிங்தே எழுந்துபோய் மூட்டையைத் தூக்கிவந்து, பெரிய கொட்டைகளாகப் பொறுக்கத் தொடங்கினார்.