அம்மா எரித்துத் தீர்த்த விறகு

மாமா வாங்கிய பழைய மோட்டார்ஹோமில் உடுப்பு வைக்க இடமில்லை. விறகு வைக்கத் தாராளமாக இருந்தது. ஜெர்மனியில் பல மாரிக் குளிர்களைக் கண்டுவிட்டு லண்டனுக்கு வந்தவர் அவர். காஸ் ஹீட்டரெல்லாம் ஒரு சூடா என்று கேட்டு, அந்த மோட்டார்ஹோம் வானுக்குள் சின்ன இரும்பு அடுப்பொன்றைப் பூட்டி, கூரையில் புகைக்குழாயும் விட்டிருந்தார். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் அயலவர் வெட்டிப்போட்ட ஓக் மரம் முழுவதும் கட்டிலுக்கடியில் ஏறிவிட்டது. அதற்காக என் விளையாட்டுச் சாமான் பெட்டி வெளியேற்றப்பட்டது.

பாரிசில் பெரியமாமாவின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் புறப்பட்டிருந்தோம். பெரியமாமா தன் கல்யாணக் கார்டில் தம்பியான இந்த மாமாவின் பெயரைப் போட மறந்துவிட்டாராம். அன்றிலிருந்து இருவரும் கதைப்பதில்லை. அது நான் பிறக்க முந்திய சண்டை. அம்மா கெஞ்சியதற்காகத்தான் மாமா வான் ஓட்டச் சம்மதித்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"வீட்டுக்குள்ளை கால் வைக்க மாட்டன் அக்கா. வாசலிலை வானுக்கைதான் படுப்பன்."

அத்தனை விறகும் அதற்குத்தான்.

டோவர் துறைமுகத்தில் ஓர் அதிகாரி வானுக்குள் எட்டிப் பார்த்தார். லண்டன் ஓக் மரங்களில் ஒருவகைக் கம்பளிப்பூச்சி இருக்கிறது, அந்த விறகைக் கடல் கடந்து கொண்டுபோகக் கூடாது, இவ்வளவு தூரம் கொண்டுவந்ததே பிழை என்றார். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சட்டம் எண்டால் சட்டம்தானே. திரும்புவம்."

நான் அழத் தொடங்கினேன். பெரியமாமா வீட்டில் ட்ராம்போலின் இருந்தது.

எரித்துவிட்டால் போகலாமா என்று அம்மா அதிகாரியிடம் கேட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, சாம்பலைப் பற்றித் தனக்கொன்றும் இல்லை என்றார்.

லொறிகள் நிற்கும் இடத்தில் வானை நிறுத்தினோம். தலையில் புகை மணக்கும் என்று அந்த அடுப்புப் பக்கமே போகாத அம்மா, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டை கட்டையாக உள்ளே தள்ளினார். முதலில் தேத்தண்ணி கொதித்தது. பிறகு சோறு. அவிக்க ஒன்றுமில்லாமல் போனதும் குடிபூரலுக்குச் சுட்ட முறுக்கையும் ஒருமுறை சூடாக்கினார். குளிரில் நின்ற லொறிக்காரர்கள் வாசலில் குளிர்காய்ந்து, எங்கள் சோற்றையும் சாப்பிட்டார்கள். வெளியே தை மாதக் குளிர். உள்ளே மாமா பெனியனோடு வியர்த்து வழிந்தார்.

"காணும் அக்கா, நிப்பாட்டுங்கோ. அங்கை போய் நான் குளிருக்கை என்ன செய்யிறது?"

"அண்ணை வீட்டிலை ஹீட்டர் இருக்கு," என்றார் அம்மா, அடுத்த கட்டையை எடுத்தபடி.

அம்மாவுக்கு எதையும் வீணாக எறியப் பிடிக்காது, அதனால்தான் இந்தப் பாடு என்று நான் நினைத்தேன்.

பின்னேரம் கட்டிலுக்கடி வெறுமையானது. கப்பல் வரிசையில் நிற்கும்போது மாமா பெனியனுக்கு மேல் சட்டையை மாட்டினார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"அண்ணை இப்பவும் மீசை வச்சிருக்கிறாரோ?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொந்த அண்ணனுக்கு மீசை இருக்கிறதா என்று தெரியாத ஓர் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். வானுக்குள் நான் மட்டும்தான் சிரித்தேன்.