முடிச்சூரில் சமதரை இல்லை

எங்கள் டீசல் காரை ஓட்டுவது நான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன்; முடிச்சூரிலிருந்து தினமும் அந்தக் காரில்தான் போய்வருகிறேன். என் கணவர் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து எழும்பூருக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஏ.சி.யைத் திருகுவதோடு அவருக்கும் வண்டிக்குமான உறவு முடிந்துவிடும். ஆனால் ஆர்.சி. அவர் பெயரில் இருப்பதால், சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வருவது அவருக்குத்தான்.

வண்டியைக் கொண்டுபோய் விடுவது நான். என்ன சத்தம், எங்கே சத்தம் என்று சொல்வதும் நான். பதில் மட்டும் எழும்பூருக்குப் போகும். கடைசியாகப் போன பதில் இது: "சார், மேடம் கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்றாங்க போல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

அவர் சொன்னார். அதுவும் மாமியார் முன்னால், நான் சட்னியைப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இனிமே யார்கிட்டயும் விட வேணாம். இந்தத் தடவை ஆயில், ஃபில்டர் எல்லாம் நானே மாத்திக்கறேன்" என்றேன்.

"சனிக்கிழமை வேளாங்கண்ணி போறோம். ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தான் மாத்தறேன்."

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. மாதாவுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்கள் வாங்கி, கைக்குட்டையில் முடிந்து பீரோவில் தயாராக இருந்தன. கணவர் தோசையைப் பிய்த்தபடி, "நீ கழட்டி மாட்டின வண்டியில அம்மாவ ஏத்த முடியாது. நான் டாக்ஸி சொல்லிடறேன்" என்றார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் மகன் பக்கம் என்று அர்த்தம்.

ஆக, சனிக்கிழமை காலை எங்கள் வாசலிலிருந்து கிளம்பப்போவது என் வண்டியா டாக்ஸியா என்பதே கேள்வி. டாக்ஸி வந்தால் தெருவே பார்க்கும். சொந்த வண்டி போர்ட்டிகோவில் நிற்க வாடகை வண்டியில் போகிறவர்களைப் பற்றி எங்கள் தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

உதிரி பாகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, இன்னா வோணும்?" என்றார். ஆயில் கேன், ஃபில்டர், அடியில் இருக்கும் போல்ட்டுக்கு ஒரு செப்பு வாஷர் என்று கேட்டேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "மெக்கானிக் யாருக்கா? எந்த ஷெட்டு?" என்றார். நான்தான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "பாத்துப் பண்ணுங்க மேடம்" என்றார். அக்கா பதவி அந்த இடத்திலேயே பறிபோனது.

காருக்கடியில் படுக்க இடம் வேண்டுமே என்று நான் கவலைப்படவில்லை. அந்த ஏற்பாட்டை நெடுஞ்சாலைத் துறை எனக்காகப் பல வருடங்களாகச் செய்து வைத்திருந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, எங்கள் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. வெள்ளம் வந்து வடிந்த பிறகு நாங்கள் போர்ட்டிகோவை உயர்த்தினோம். அவர்கள் மறுபடியும் சாலையை உயர்த்தினார்கள். இப்போது கேட்டிலிருந்து சாலைக்கு ஏற, சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு சிமெண்ட் பட்டைகள் சரிவாகப் போட்டிருக்கிறோம். நடுவில் பள்ளம். அதில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி, முன்சக்கரங்களைப் பட்டைகளில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டேன். பின்சக்கரங்களுக்கு அண்டக் கொடுக்க, மிக்ஸி வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்த அம்மிக்கல்லும் குழவியும் கிடைத்தன. கீழே விரிக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தது. யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் வாழ்த்து. அண்ணனின் சிரிப்பு மேல் முதுகை வைத்துப் படுத்தேன்.

போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் ஊற்றியது. என் மகனைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் டப்பில் பிடித்தேன். அவன் இப்போது பொத்தேரியில் ஹாஸ்டலில் இருக்கிறான், கோபித்துக்கொள்ள மாட்டான். ஃபில்டர்தான் அசைய மறுத்தது. கையால் திருகினேன், துணி சுற்றித் திருகினேன். கடைசியில் கணவரின் லெதர் பெல்ட்டைச் சுற்றி இழுத்தேன், மளுக்கென்று வந்துவிட்டது. அவருடைய பெல்ட் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில் எனக்கு அலாதி திருப்தி. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி மாட்டினேன், புது வாஷரோடு போல்ட்டை முடுக்கினேன், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த அளவு எண்ணெயை ஊற்றினேன்.

அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் நான் புத்தகத்தை நம்பாமல் கண்ணை நம்பினேன். கொஞ்சம் ஊற்றினேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது அப்போது உறைக்கவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, எங்கும் கசியவில்லை என்று பார்த்து, வண்டியைப் போர்ட்டிகோவுக்கு இறக்கி மறுபடி இழுத்தேன். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி எங்கோ இருந்தது. போர்ட்டிகோவும் மழைத்தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்ட தரைதான். சாலையில் நிறுத்தினால் சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே அளவு வேறு. இத்தனை வருடம் வெள்ளம் எந்தப் படிவரை வரும், எந்த ஜன்னல்வரை வரும் என்று துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெருவில், ஒரு கார் நிற்கச் சமதரை கிடையாது. எண்ணெய் அதிகமானால் இன்ஜின் அதையே குடித்துப் புகை தள்ளும், கெட்டுப்போகும் என்று படித்திருந்தேன். எனக்குப் பயமாகவே இருந்தது.

கணவர் வரும்வரை காத்திருந்து, "சமமான இடத்துல நிறுத்திப் பாக்கணும். சர்ச்சுக்குப் போகலாம்" என்றேன். பங்கு இளைஞர்கள் கோயில் வளாகத்தில் ஷட்டில் விளையாட, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒரு சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அதுதான் சமதரை. சர்ச் என்று காதில் விழுந்ததும் மாமியார் ஜெபமாலையோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினேன். வழியில் மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்சும் டிரிப் ஏற்றும் குழாயும் வாங்கினேன்.

"பேஷண்டுக்கு என்ன மேடம்?" என்றார் கடைக்காரர்.

"அஜீரணம்" என்றேன்.

தளத்தில் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே அதிகம்தான். டிப்ஸ்டிக் போகும் துளை வழியாகக் குழாயை விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சிக் காலி கேனில் விட்டேன். கடைசியில் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து அடக்கமாக உட்கார்ந்தது. அதை நான் மாதாவிடம் காட்டுகிற பக்தியோடு கணவரிடம் காட்டினேன்.

அவர் டிப்ஸ்டிக்கைக் கண்ணருகே கொண்டுபோனார். "கறுப்பா இருக்கே. நீ மாத்தவே இல்லையா?"

"டீசல் இன்ஜின்ல புது ஆயிலும் ஓடவிட்ட உடனே கறுப்பாத்தான் ஆகும். உள்ள இருக்கற கரி அப்படி."

"யார் சொன்னா?"

"ஏன், சர்வீஸ் சென்டர்காரன் சொன்னாத்தான் நம்புவீங்களா?"

அவர் போனை எடுத்தார். டாக்ஸிக்குத்தான். எனக்கு அழுகை முட்டியது. கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

அப்போதுதான் பங்குச் சாமியார் வந்தார். திறந்த பானெட், பக்கத்தில் ஜெபமாலையோடு ஒரு வயதானவர், அவர் ஏற்கெனவே பங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்த சனிக்கிழமை வேளாங்கண்ணிப் பயணம். அவருக்கு வேறென்ன தோன்றும்?

"வண்டிய மந்திரிக்கணுமா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தீர்த்தத்தோடு வந்தார். ஜெபித்து, இன்ஜின் மேலும், சக்கரங்கள் மேலும், என் எண்ணெய்க் கை மேலும் தெளித்தார். சிரிஞ்சைப் பார்த்தார், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

"புது வண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"பழசுதான் ஃபாதர்" என்றார் என் கணவர். "ஆயில் மாத்தியிருக்கோம்."

மாத்தியிருக்கோம்!

மாமியார் பின்கதவைத் திறந்து ஏறியபடி, "டாக்ஸி எதுக்குடா தண்டத்துக்கு? சாமியார் மந்திரிச்ச வண்டி" என்றார். போன் சட்டைப்பைக்குள் போனது. அன்று முழுக்க நான் காருக்கடியில் கிடந்ததற்கு ஆகாதது, ஒரு கை தண்ணீருக்கு ஆயிற்று.

சனிக்கிழமை என் வண்டியில்தான் போனோம். திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். இறங்கியதும் கணவர் யாரும் கேட்காமலே பானெட்டைத் திறந்தார். டிப்ஸ்டிக்கில் கைவைத்தவர், குனிந்து தரையைப் பார்த்தார். "இந்த இடம் சமமா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து வண்டி விஷயத்தில் தெரிந்துகொள்வதற்காக அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்றேன். இழுத்துப் பார்க்காமலே பானெட்டை மூடிவிட்டார்.

டீ வந்தபோது அவருடைய போன் அடித்தது. சர்வீஸ் சென்டர். "சார், வண்டி சர்வீஸுக்கு டைம் ஆயிடுச்சு" என்ற குரல் எனக்கே கேட்டது. "பண்ணியாச்சு. பண்ணவங்ககிட்டயே பேசுங்க" என்று போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, "சொல்லுங்க" என்றேன்.

"மேடமா? பரவால்ல மேடம், சார் ஃப்ரீயா இருக்கும்போது நான் சார்கிட்டயே பேசிக்கறேன்."

"என்னவாம்?" என்றார் கணவர்.

"உங்ககிட்டதான் பேசுவாராம்."

டீயைக் குடித்து முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை வைத்துவிட்டு, அடிக்கிற போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முன்சீட்டில் போய் உட்கார்ந்தார்.